ஓப்பல் வேனுக்குள் யார் வீட்டுச் சாமான்? – வாசகர் கேள்வி பதில்

ஓப்பல் வண்டி வைத்திருப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான், கேட்ட விதம் மட்டும் வேறு: "இது உண்மையில் யார் செய்த வண்டி?" நான் ஜெர்மனியின் ரூர் பகுதியில் உதிரிபாகக் கடைக் கவுண்டரில் நிற்பவன். புது வண்டியை ஓட்டிப் பார்த்து மார்க் போடுகிற ஆள் இல்லை. எந்த வண்டிக்கு எந்தப் பெட்டியை எடுத்துக் கொடுப்பது என்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

அண்ணா, கூரியர் வேலை செய்கிறேன். என்னுடையது 2015 ஓப்பல் விவாரோ வேன். இப்போது பழைய வண்டிச் சந்தையில் இன்னொரு விவாரோ வாங்கியிருக்கிறேன், 2019 பதிவு. முதல் வண்டியின் கூரைக் கேரியர், வாங்கி வைத்த பிரேக் பேட், ஃபில்டர் எல்லாவற்றையும் இதில் போடலாமா? இரண்டும் விவாரோதானே?
– எஸ்.கே., டோர்ட்முண்ட்

பெயர் அப்படித்தான் சொல்கிறது தம்பி. ஆனால் நீங்கள் வாங்கியிருக்கும் அந்த 2019தான் வில்லங்கமான வருஷம்.

2001இல் வந்த முதல் விவாரோ, ரெனால்ட்டின் ட்ராஃபிக் என்ற வேனுக்கு உடன்பிறப்பு. 2014இல் வந்த இரண்டாவதும் அதே உறவுதான். உங்கள் 2015 வண்டி அந்த வகை. 2017இல் ஓப்பலை பிரான்சின் பி.எஸ்.ஏ. குழுமம் வாங்கியது. பெஜோ, சிட்ரோன் எல்லாம் அந்தக் குழுமத்தின் பிள்ளைகள். சொந்த வீட்டிலேயே வேன் இருக்கும்போது போட்டிக்காரரான ரெனால்ட்டிடம் எதற்குப் போக வேண்டும்? 2019இல் வந்த மூன்றாவது விவாரோ, பெஜோ எக்ஸ்பர்ட், சிட்ரோன் ஜம்பி, டொயோட்டா ப்ரோஏஸ் ஆகியவற்றோடு பிறந்தது. அடித்தளம், இன்ஜின், ஒயரிங், கதவுக் கீல் வரை வேறு. வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்தின் லூட்டன் தொழிற்சாலை மூன்று தலைமுறையையும் செய்தது. 2025இல் அதை மூடிவிட்டார்கள்.

ஆக, 2019இல் பதிவான விவாரோ ரெனால்ட் உறவாகவும் இருக்கலாம், பெஜோ உறவாகவும் இருக்கலாம். ஷோரூமில் கொஞ்ச நாள் நின்ற பழைய வகையும் அந்த வருஷம்தான் பதிவாகியிருக்கும். கண்டுபிடிக்க வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம். வண்டியோடு வைத்திருக்கும் மடிப்புப் பதிவுச் சான்றை விரியுங்கள். பி.1 என்ற கட்டத்தில் இன்ஜின் கொள்ளளவு கன சென்டிமீட்டரில் இருக்கும். டீசல் வண்டியில் 1598 என்று இருந்தால் ரெனால்ட் உறவு. உங்கள் பேட், ஃபில்டரை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் சரிபார்க்க வாருங்கள். 1499 அல்லது 1997 என்றால் பி.எஸ்.ஏ. உறவு, முதல் வண்டியின் சாமான் எதுவும் சேராது, கேரியரையும் சேர்த்துத்தான். கூரையில் அதை மாட்டும் இடங்களே வேறு.

இந்த ஒரு குழப்பத்தால் கவுண்டரில் எத்தனை பெட்டி திரும்பி வருகிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். "விவாரோ, 2019, முன் பிரேக்" என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். ஒரு எலக்ட்ரீஷியன் ஃபில்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஓப்பல் கேட்டேன், ரெனால்ட் கொடுத்துவிட்டாய்" என்று சண்டைக்கு வந்தார். அவர் கையில் இருந்தது சரியான ஃபில்டர்தான். பெட்டியில் அச்சடித்திருந்த பெயர்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

இனி யார் கேட்டாலும் மாடல் பெயரைச் சொல்லாதீர்கள். அதே சான்றில் 2.1, 2.2 என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன; தயாரிப்பாளர் எண்ணும் வகை எண்ணும் அவை. ஈ என்ற கட்டத்தில் சேசிஸ் எண். இந்த மூன்றும் இருந்தால் என் வேலை பாதி முடிந்தது.

மற்ற வேன்களுக்கும் இதே கதை. மொவானோ 2021 வரை ரெனால்ட் மாஸ்டர். அதற்குப் பிறகு ஃபியட் டுகாட்டோ. கொள்ளளவைப் பார்த்தால் 2.3 லிட்டர் ரெனால்ட் டீசலா, 2.2 லிட்டரா என்று தெரிந்துவிடும். காம்போ இன்னும் மோசம். 2001இல் வந்தது ஓப்பலின் சொந்தக் கோர்சாவிலிருந்து பிறந்தது. அதற்கடுத்தது, 2011 முடிவில் வந்தது, ஃபியட் டோப்லோ. 2018இல் வந்தது சிட்ரோன் பெர்லிங்கோ. ஒரே பெயர், அடுத்தடுத்து மூன்று குடும்பம்.

பெட்ரோல் கிராண்ட்லேண்ட் எக்ஸ் ஒன்று பார்த்திருக்கிறேன். 2019, 1.2 டர்போ, 90,000 கி.மீ. விலை நன்றாக இருக்கிறது. நண்பர்கள் "பெல்ட், பெல்ட்" என்று பயமுறுத்துகிறார்கள். என்ன அது?
– எம்.ஆர்., எசன்

பயம் நியாயமானது. ஆனால் பயந்து ஓட வேண்டியதில்லை. பார்த்து வாங்க வேண்டும்.

கிராண்ட்லேண்ட் எக்ஸ் 2017இல் வந்தது. பெஜோ 3008 நிற்கிற அதே அடித்தளம். நீங்கள் சொல்லும் மூன்று சிலிண்டர் 1.2 இன்ஜினும் பிரெஞ்சுக்காரர்களுடையதுதான். கிராஸ்லேண்ட், 2020இல் வந்த இரண்டாம் தலைமுறை மொக்கா, இன்னும் பல பெஜோ, சிட்ரோன் வண்டிகளிலும் அதே இன்ஜின். இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட் வழக்கமாக உலர்ந்த இடத்தில் ஓடும். இதில் பெல்ட்டை இன்ஜின் எண்ணெயிலேயே நனைந்து ஓடவிட்டார்கள். உராய்வு குறையும், சத்தம் குறையும் என்பது கணக்கு.

கணக்கு தப்பிய இடம் எண்ணெய். குளிர்காலத்தில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, மறுபடி இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால், இன்ஜின் சூடேறவே நேரமில்லை. எரியாத பெட்ரோல் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயில் கலக்கும். அந்த எண்ணெயில் ஊறிய பெல்ட் மெத்தென்று உப்பி, விளிம்பில் பிய்ந்து, ரப்பர் துணுக்காக உதிரும். துணுக்கு போய் எண்ணெய் பம்பின் சல்லடையை அடைக்கும். அப்புறம் எண்ணெய் அழுத்த எச்சரிக்கை விளக்கு. அதே துணுக்கு, பிரேக் மிதியை இலகுவாக்கும் வாக்குவம் பம்பைத் தொட்டால் மிதி கல்லாகும். அதற்காகவே வண்டிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தார்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டியது இது. இன்ஜின் ஆறியிருக்கும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். டார்ச் அடித்தால் உள்ளே பெல்ட்டின் முதுகு தெரியும். குறுக்கே வெடிப்பு இருக்கிறதா, விளிம்பு நார் நாராக இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணால் பார்த்தது போதாது. பட்டறைக்காரர்களிடம் இதற்கென்றே அகலம் அளக்கும் ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதே துவாரத்தின் வழியாக பெல்ட்டின் மேல் வைப்பார்கள். பெல்ட் அதற்குள் உட்கார மறுத்தால் உப்பிவிட்டது என்று பொருள், மாற்றியே ஆக வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. விற்கிறவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

அடுத்தது காகிதம். சர்வீஸ் புத்தகத்தில் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. எந்த எண்ணெய் ஊற்றினார்கள் என்று ரசீதில் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த தர எண் கொண்ட எண்ணெய்க்குப் பதில் கையில் கிடைத்ததை ஊற்றிய வண்டிகள்தான் முதலில் படுக்கின்றன. பி.எஸ்.ஏ.வின் இன்றைய வடிவமான ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனம் 2024இல் இந்த இன்ஜினுக்கான உத்தரவாதப் பொறுப்பை 10 வருஷம் அல்லது 175,000 கி.மீ. வரை நீட்டித்தது. சர்வீஸ் முறையாக நடந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே உங்கள் வண்டிக்கு ரசீதுக் கட்டு இருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. ரசீது இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் தொட மாட்டேன்.

பட்ஜெட் கொஞ்சம் தாங்கும் என்றால் 48 வோல்ட் ஹைப்ரிட் வகையைப் பாருங்கள். அதில் வருவது திருத்தி அமைத்த 1.2, பெல்ட்டை எடுத்துவிட்டுச் சங்கிலி போட்டுவிட்டார்கள்.

பழைய மொக்காவை விற்றுவிட்டு 2022 மொக்கா வாங்கினோம். குளிர்கால டயர் நான்கும் ரிம்மோடு நிலவறையில் இருக்கின்றன. போட்டுக்கொள்ளலாமா?
– திருமதி டி., வுப்பர்டால்

முடியாது அம்மா. 2012இல் வந்த மொக்கா ஜெனரல் மோட்டார்ஸ் குடும்பத்து வண்டி. செவ்ரோலே ட்ராக்ஸ் அதன் உடன்பிறப்பு. ரிம்மில் ஐந்து போல்ட் துளைகள் 105 மி.மீ. வட்டத்தில் இருக்கும். உங்கள் புது வண்டி பெஜோ 2008இன் உறவு. அதிலும் ஐந்து துளைதான், ஆனால் வட்டம் 108. மூன்று மில்லிமீட்டர்தானே என்று யாராவது அடாப்டர் விற்க வந்தால் விரட்டிவிடுங்கள். நடு ஓட்டையும் சேராது, டியூஃப் என்ற வண்டித் தகுதிச் சோதனையிலும் நிற்காது.

ரிம்மோடு அப்படியே விற்றுவிடுங்கள், பழைய மொக்கா இன்னும் நிறைய ஓடுகிறது. விற்கும் முன் டயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 அக்டோபர் முதல் அந்தக் குறி இருந்தால்தான் இங்கே குளிர்கால டயர் கணக்கு. வெறும் எம்+எஸ் எழுத்து செல்லாது.

ஐயா, ஓப்பல் இன்னும் ஜெர்மன் வண்டிதானா? பெஜோவுக்கு மின்னல் சின்னம் ஒட்டி விற்கிறார்கள் என்கிறார் மாமா. அப்படியென்றால் பெஜோவே வாங்கலாமே?
– வி., கோல்ன்

மாமா பாதி சரி.

1862இல் ரூசல்ஸ்ஹைமில் தையல் மிஷின் செய்யத் தொடங்கியது ஓப்பல். 1899இல் கார். 1929இலேயே அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கைக்குப் போய்விட்டது. "சுத்த ஜெர்மன் ஓப்பல்" என்று மாமா ஏங்குகிற காலம் அவர் பிறப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. 1991இல் வந்த ஃப்ரொன்டேரா ஜப்பானின் இசுசு, செய்தது லூட்டனில். 2006இல் வந்த அன்டாரா கொரியாவிலிருந்து கப்பலில் வந்தது. அகிலா சுசுகியின் வண்டி. ஓப்பல் கொடுக்கவும் செய்திருக்கிறது: ஜாஃபிராவுக்கு சுபாரு சின்னம் ஒட்டி ஜப்பானில் விற்றார்கள். 2017இல் பி.எஸ்.ஏ., 2021இல் ஃபியட்டும் சேர்ந்து ஸ்டெல்லாண்டிஸ். மாறியது பங்காளிதான், பங்கு போடும் பழக்கம் பழையது.

எங்கே செய்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் தலை சுற்றும். கிராண்ட்லேண்டை 2019 முதல் கிழக்கே ஐசனாக்கில் செய்கிறார்கள். அது வார்ட்புர்க் கார் பிறந்த ஊர். மொக்கா பிரான்சின் புவாஸியிலிருந்து வருகிறது. 2024இன் புது ஃப்ரொன்டேரா ஸ்லோவாக்கியாவின் ட்ர்னாவாவிலிருந்து, சிட்ரோன் சி3 ஏர்கிராஸோடு. காம்போ ஸ்பெயினின் வீகோ. மொவானோ இத்தாலியின் அடெஸ்ஸா. அதே சமயம் ரூசல்ஸ்ஹைமில் ஆஸ்ட்ராவோடு சேர்த்து டிஎஸ் 4 என்ற பிரெஞ்சு வண்டியையும் செய்கிறார்கள். மாமாவுக்கு "ஜெர்மனியில் செய்தது" தான் முக்கியம் என்றால் அவர் அந்த டிஎஸ்-ஐ வாங்கலாம்.

இங்கே போஹும் பக்கத்துக்காரர்களிடம் இந்தப் பேச்சைக் கவனமாகத்தான் எடுக்க வேண்டும். 1962இல் திறந்த ஓப்பல் தொழிற்சாலை 2014 டிசம்பரில் மூடியது. கடைசியாக வெளியே வந்தது ஒரு ஜாஃபிரா. அங்கே வேலை பார்த்தவர்கள் இன்றும் என் கடைக்கு வருகிறார்கள். பெட்டியில் பெஜோ எண் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லாமல் போக மாட்டார்கள்.

சரி, அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. ஒரே தறியில் நெய்த சேலைகள்தான், கரை வேறு. அடித்தளம், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்கள், இன்ஜின், கியர்பாக்ஸ், ஒயரிங் எல்லாம் பொது. கண்ணும் கையும் உடம்பும் படுகிற இடங்களில்தான் ஓப்பல் தன் காசைச் செலவழிக்கிறது. பெஜோவில் ஸ்டீயரிங் சின்னது, மீட்டரை அதற்கு மேலாகப் பார்க்க வேண்டும். உயரமானவர்களில் சிலருக்கு அது ஒத்துவரும், சிலருக்கு வளையமே மீட்டரை மறைக்கும். ஓப்பலில் பழைய வழக்கப்படி வளையத்துக்கு ஊடாகப் பார்க்கலாம். இருக்கைக்கு ஓப்பல் அக்கறை எடுத்துக்கொள்ளும், முதுகுவலிக்காரர்களுக்கான ஏ.ஜி.ஆர். சான்று பெற்ற இருக்கை சாதாரண கிராஸ்லேண்டிலேயே கிடைத்தது. என் தனிப்பட்ட கருத்து: முதுகு உள்ளவர் ஓப்பல் இருக்கையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். சின்னம் எது என்பதை விட அது பெரிய விஷயம்.

கிராஸ்ஓவர் என்றாலே நான்கு சக்கரமும் இழுக்கும் இல்லையா?
– ஜே., ஹாகன்

இல்லை. பெரும்பாலானவற்றில் முன் சக்கரம் மட்டும்தான். முதல் மொக்காவில் நான்கு சக்கர இழுவை வாங்க முடிந்தது. கிராஸ்லேண்டில் கிடையவே கிடையாது. கிராண்ட்லேண்ட் எக்ஸில் பின்னால் தனி மின் மோட்டார் வைத்த 300 குதிரைத்திறன் ஹைப்ரிட்டுக்கு மட்டும் உண்டு. வண்டி உயரமாக இருப்பதால் மலை ஏறும் என்று பொருளில்லை. ஹாகன் பக்கத்து மேட்டுக்கு நல்ல குளிர்கால டயர் போதும்.

பழைய ஜாஃபிரா பி ஓடி ஓய்ந்துவிட்டது. நான்கு பிள்ளைகள், மாமியாரும் கூட இருக்கிறார். புது ஜாஃபிரா வாங்கலாம் என்று போனால் பஸ் மாதிரி ஒன்றைக் காட்டுகிறார்கள்!
– கே.என்., கெல்சன்கிர்ஷன்

காட்டியவர் பொய் சொல்லவில்லை. 1999இல் வந்த ஜாஃபிரா ஆஸ்ட்ராவின் அடித்தளத்தில் நின்ற வண்டி. மூன்றாவது வரிசை இருக்கைகள் தரைக்குள் மடங்கிக் காணாமல் போகும். அந்தக் காலத்தில் அது பெரிய கெட்டிக்காரத்தனம். அந்த வண்டி இனி இல்லை. இப்போது ஜாஃபிரா லைஃப் என்பது விவாரோவுக்குக் கண்ணாடியும் இருக்கையும் வைத்தது. பெயரை மட்டும் எடுத்து வேனுக்குச் சூட்டிவிட்டார்கள்.

ஏழு பேர் தினமும் போவதென்றால் அதுதான் சரி. ஓட்டுநரோடு ஒன்பது இருக்கை வரை வரும். ஒன்பது வரை சாதாரண பி வகை உரிமமே போதும். 4.95 மீட்டர் நீள வகையைப் பாருங்கள். உயரம் கிட்டத்தட்ட 1.90 மீட்டர், ஆகவே 2 மீட்டர் பலகை போட்ட பார்க்கிங் கட்டடத்துக்குள் நுழைந்துவிடும். கூரைப் பெட்டி மாட்டினால் நுழையாது, வாசலிலேயே சத்தம் கேட்கும்.

மாமியார் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார் என்றால் காம்போ லைஃபின் 4.75 மீட்டர் வகை போதும். இரண்டாவது வரிசையில் மூன்று தனி இருக்கை, மூன்றிலும் பிள்ளை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி. 12 வயது அல்லது 150 செ.மீ. உயரம் ஆகும் வரை பிள்ளைகளுக்குத் தனி இருக்கை கட்டாயம் என்பதால், மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடிகிற வண்டி பெரிய நிம்மதி. இரண்டிலும் பின்வரிசைப் பக்கக் கதவு இழுவைக் கதவு. பக்கத்து வண்டியில் பிள்ளைகள் இடிக்க மாட்டார்கள். புது ஃப்ரொன்டேராவிலும் ஏழு இருக்கை வாங்கலாம், ஆனால் 4.38 மீட்டர் வண்டியின் கடைசி வரிசையில் மாமியாரை உட்கார வைத்தால் வீட்டில் அமைதி இருக்காது.

ஓப்பலை மட்டும் சொல்கிறீர்கள். ஃபோக்ஸ்வாகன் அப்படியா?
– ஆர்., டூயிஸ்புர்க்

அப்படியேதான். இப்போதைய ட்ரான்ஸ்போர்ட்டர், ஃபோர்டு ட்ரான்சிட் கஸ்டமின் உடன்பிறப்பு. துருக்கியில் ஃபோர்டு தொழிற்சாலையில் செய்கிறார்கள். அமாரோக் ஃபோர்டு ரேஞ்சரோடு தென்னாப்பிரிக்காவில். பதிலுக்கு ஃபோர்டின் டூர்னியோ கனெக்ட் போலந்தில் ஃபோக்ஸ்வாகனின் கேடி வேனோடு பிறக்கிறது. 2006இல் வந்த கிராஃப்டரை மெர்சிடீஸ்தான் ஸ்ப்ரின்டரோடு சேர்த்துச் செய்து கொடுத்தது. இன்ஜின் மட்டும் ஃபோக்ஸ்வாகன். மல்டிவேன் இன்னும் ஹானோவரில், சொந்த அடித்தளத்தில். வேன் விற்பனை சின்ன எண்ணிக்கை, உருவாக்கும் செலவு பெரிது. தனியாகச் செய்தால் யாருக்கும் கட்டாது.

கடைசியாக ஒன்று. பெஜோ பெட்டியில் வரும் சாமான் ஓப்பல் பெட்டியை விட மலிவாக இருந்தால் வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், ஓபர்ஹவுசன்

இயந்திரச் சாமான் என்றால் தாராளமாக. ஃபில்டர், தண்ணீர் பம்ப், புஷ், பேரிங் எல்லாம் எண் ஒத்துப்போனால் ஒரே பொருள்தான். பிரேக் டிஸ்க்குக்கு மட்டும் அளந்து பாருங்கள். ஒரே மாடலிலேயே இன்ஜினுக்கு ஏற்றபடி இரண்டு விட்டம் வரும். முன் விளக்கு, பம்பர், கிரில், கண்ணாடி உறை ஆகியவை ஓப்பலுக்கென்று தனி. லண்டனில் இருக்கும் தம்பி வாக்ஸ்ஹாலுக்கு (ஓப்பலுக்கு அங்கே அதுதான் பெயர்) வாங்கி அனுப்பும் விளக்கும் ஆகாது, அதன் வெளிச்சம் இடப்பக்கச் சாலைக்கு அமைந்தது. மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி எதையும் பழைய சாமான் கடையில் வாங்காதீர்கள். வண்டியின் எண்ணோடு சேர்த்து எழுதப்பட்டது அது. கோடிங் செய்யாமல் மாட்டினால் வண்டி அசையாது, மாட்டிய பிறகு நானும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன்.